கேஷ் சர்வரைக் கூட்டினால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் இணையதளங்கள் திணறுவது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். நெரிசல் ஏறும்போது கேஷ் சர்வர்களை, அதாவது அடிக்கடி கேட்கப்படும் கோப்புகளின் நகலை வைத்திருந்து உடனே கொடுக்கும் கணினிகளை, கூட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் எந்த முறையில் ஹாஷ் செய்கிறது (அதாவது, ஒரு முகவரியை எண்ணாக மாற்றி, அதைக் கொண்டு சர்வரைத் தேர்கிறது) என்பதைப் பார்க்காமல், உச்ச நெரிசலில் ஒரு சர்வரைச் சேர்ப்பதே தளத்தை முடக்கிவிடக்கூடும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு கோப்பு எப்போதும் ஒரே கேஷ் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கேஷ் வைத்திருப்பதில் பயன் உண்டு. நான்கு சர்வர்கள் இருக்கும்போது கோரிக்கைகளை முறை வைத்து வரிசையாக அனுப்பினால், நான்கும் ஒரே கோப்புகளைத் தனித்தனியே சேமித்து வைக்கும். நான்கின் நினைவகம் ஒன்றின் நினைவகத்துக்குச் சமமாகிவிடும். பயனரின் ஐ.பி. முகவரியை வைத்து ஹாஷ் செய்தாலும் இதே நிலைதான். அதோடு, செல்பேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால், ஒரு சர்வர் மட்டும் நசுங்கும். எனவே கேட்கப்படும் கோப்பின் முகவரியைத்தான், அதாவது யு.ஆர்.எல்.-ஐத்தான், ஹாஷ் செய்ய வேண்டும்.

அதன் பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. எளிய முறையில், ஹாஷ் எண்ணைச் சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதிக்கு உரிய சர்வருக்கு லோட் பேலன்சர் அனுப்புகிறது. 0 முதல் 19 வரையுள்ள எண்களை ஒரு தாளில் எழுதி, 4-ஆலும் 5-ஆலும் வகுத்துப் பாருங்கள்; 0, 1, 2, 3 ஆகிய நான்குக்கு மட்டுமே இரண்டிலும் ஒரே மீதி வரும். நான்கு சர்வர்கள் ஐந்தாகும்போது 80 சதவீதக் கோப்புகள் இடம் மாறிவிடுகின்றன என்பதே இதன் பொருள். ஊரில் புதிதாக ஒரு ரேஷன் கடை திறந்ததற்காக எல்லாக் குடும்ப அட்டைகளையும் கலைத்துப் போட்டு மறுபடி பங்கிடுவதைப் போன்றது இது. இடம் மாறிய கோப்பு புதிய இடத்தின் கேஷில் இராது; அசல் கோப்புகள் உள்ள மூல சர்வரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்கப்படுவதில் 95 சதவீதத்தைக் கேஷே கொடுத்துவந்தது என்று வைத்துக்கொண்டால், அதுவரை 5 சதவீதத்தை மட்டும் தாங்கிய மூல சர்வரின் தலையில் அந்த நொடியில் 81 சதவீதம் விழும். ஏறத்தாழ 16 மடங்கு. சேர்க்கும்போது மட்டுமல்ல, ஒரு சர்வர் பழுதாகி நின்றாலும் இதுதான் நடக்கும்.

இதற்கான தீர்வு 1997-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கார்கர், டாம் லெய்ட்டன், டேனியல் லெவின் உள்ளிட்டோர் வெளியிட்ட கன்சிஸ்டென்ட் ஹாஷிங் முறையில், சர்வர்களும் கோப்புகளும் ஒரே எண் வளையத்தில் வைக்கப்படுகின்றன; ஒவ்வொரு கோப்பும் வளையத்தில் தனக்கு அடுத்து வரும் சர்வருக்குப் போகும். ஐந்தாவது சர்வர் சேர்ந்தால் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு கோப்புகள் மட்டுமே இடம் மாறும். லெய்ட்டனும் லெவினும் அடுத்த ஆண்டே தொடங்கிய, இணையதளக் கோப்புகளைக் கேஷ் செய்து வழங்கும் அகமாய் நிறுவனம் இந்த ஆய்விலிருந்து பிறந்ததே.

இவ்வளவு பழைய தீர்வாக இருந்தும், பரவலாகப் புழங்கும் மென்பொருள்களில் இது தானாக இயங்குவதில்லை என்பதுதான் என் கவலை. ஹெச்.ஏ. பிராக்ஸி என்ற லோட் பேலன்சர் மென்பொருளில், கோப்பின் முகவரியை ஹாஷ் செய்யச் சொல்லும் 'பேலன்ஸ் யு.ஆர்.ஐ.' என்ற வரியை மட்டும் எழுதிவிட்டால் பழைய முறையே செயல்படும். 'ஹாஷ்-டைப் கன்சிஸ்டென்ட்' என்று தனியே ஒரு வரி எழுத வேண்டும். இதே வேலைக்குப் பயன்படும் என்ஜின்எக்ஸ் மென்பொருளிலும் ஹாஷ் வரியின் முடிவில் 'கன்சிஸ்டென்ட்' என்ற சொல்லைச் சேர்த்தாக வேண்டும். ஹெச்.ஏ. பிராக்ஸி வளையத்தில் சர்வரின் இடத்தை அதன் அடையாள எண்ணைக் கொண்டு தீர்மானிக்கிறது. அந்த எண்ணை நாம் தராவிட்டால், எழுதப்பட்ட வரிசைப்படி அதுவே கொடுத்துக்கொள்ளும். இரண்டு லோட் பேலன்சர்களில் வரிசை மாறியிருந்தால், ஒரே கோப்பை அவை இரண்டு வெவ்வேறு சர்வர்களுக்கு அனுப்பும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால், இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒரே கோப்பை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் இந்த முறையிலும் ஒரு சர்வர் திணறும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்கு ஹெச்.ஏ. பிராக்ஸியில் 'ஹாஷ்-பேலன்ஸ்-ஃபாக்டர்' என்ற அமைப்பு வரி உள்ளது; அதை 150 என்று வைத்தால், சராசரிச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை எட்டிய சர்வருக்கு மேற்கொண்டு அனுப்பாமல் வேறொன்றுக்குத் திருப்பிவிடும்.

பொதுமக்கள் பயன்படுத்தும் தளங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைகள், எத்தனை சர்வர்கள், எவ்வளவு நினைவகம் என்பதோடு, ஒரு கேஷ் சர்வரை நிறுத்தினால் மூல சர்வரின் சுமை எத்தனை மடங்கு ஏறுகிறது என்பதையும் நேரில் செய்து காட்டச் சொல்ல வேண்டும். நெரிசல் இல்லாத ஓர் இரவில் அரை மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய சோதனைதான் இது.

இப்படிக்கு,
வலைப்பின்னல் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.