குழந்தை எதையும் 'கையகப்படுத்துவதில்லை'

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தைகளின் பேச்சு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'மூன்று வயதுக்குள் குழந்தை தாய்மொழியைக் கையகப்படுத்திவிடுகிறது' என்று ஒரு வரி. படித்ததும் மனசு கேட்கவில்லை. யாரிடமிருந்து கையகப்படுத்துகிறது? அம்மாவிடமிருந்தா? அவரிடம் ஒரு சொல்கூடக் குறையவில்லையே.

ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினால், அரசு நிலத்தை எடுத்தால், அது கையகப்படுத்தல். சரி. ஆனால் நீங்கள் அப்படி மொழிபெயர்க்கும் 'அக்விசிஷன்' (acquisition) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்த ஒரு பொருள்தானா? உங்களுக்குத் தெரியாததல்ல. நூலகத்தில் அது புதுவரவு. 1968-இல் அப்போலோ 8 விண்கலம் நிலவின் மறுபக்கம் போய்த் திரும்பும்போது, தரையில் இருந்தவர்கள் காத்திருந்த அந்தச் சமிக்ஞை வந்து சேர்வதற்கும் அதே சொல்தான். அதையும் நீங்கள் 'சிக்னலைக் கையகப்படுத்தினர்' என்றே போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. அப்புறம், ஒருவர் மனமுவந்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த ஓவியம் 'புதிய கையகப்படுத்தல்' ஆயிற்று. கொடுத்தவர் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்?

என் பேத்திக்கு மூன்று வயது. 'ஓடுனேன், ஆடுனேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், போன வாரம் வாயைத் துடைத்துக்கொண்டே 'சாப்பிடுனேன்' என்றாள். வீட்டில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. கேட்ட சொற்களிலிருந்து அவளாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள்! பாடம் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கேட்டுப் புழங்கித் தானாக வருவது வேறு என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் பிரித்தபோது, இரண்டாவதற்குத்தான் அந்த ஆங்கிலச் சொல்லை வைத்தார். அதற்கு நம்மிடம் 'கைவருதல்' இருக்கிறது. பாட்டு கைவந்தது, தொழில் கைவந்தது என்கிறோம். மொழி கைவரக் கூடாதா?

அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குத் 'தேடுதல்' என்று பொருள். நாமும் தேடிச் சேர்த்த பொருளைத் 'தேட்டம்' என்றுதானே சொன்னோம்? 30 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன் நான். எத்தனையோ நல்ல சொற்கள் இப்படிக் கவனிப்பாரின்றி ஒதுங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

தொடரின் அடுத்த பகுதியில் 'மொழி கைவருதல்' என்று மாற்றிப் போடுங்கள். இரண்டு வரித் திருத்தமும் வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்