தலைக்கு எண்ணெய் வைக்காமல் போகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலது கண் மங்கலாகிறது, கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்று எழுதிய பெண்ணுக்குச் சென்ற இதழில் உங்கள் மருத்துவப் பகுதி டாக்டர் பதில் போட்டிருந்தார்: "கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்ன பிறகு ஏன் கவலை? நிம்மதியாகத் தூங்குங்கள்." முன்பு எனக்கும் இதே மாதிரி வந்தபோது நானும் தூங்கித்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் எழுந்தபோது என் சிவப்பு ரவிக்கை செங்கல்பொடி நிறத்தில் தெரிந்தது.

எனக்கு வந்தது பார்வை நரம்பு அழற்சி, அதாவது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வீக்கம். இதில் மூன்றில் இரண்டு பேருக்கு டாக்டர் கண்ணுக்குள் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். வீக்கம் இருப்பது கண்ணுக்குப் பின்னால். இது தங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொன்னார்கள். மாமியாருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அடுப்படி வேலைக்குப் பயந்து நடிக்கிறேனாம்.

அப்புறம் நரம்பு டாக்டர் ஒருவர் வி.ஈ.பி. டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்; கண்ணில் பட்டதற்கு மூளை எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்று அளக்கும் டெஸ்ட் அது. இருட்டறையில் உட்காரவைத்து, பின்மண்டையில் ஒயர் ஒட்டி, ஒரு கண்ணை மூடி, திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கண்ணில் பட்டதற்கு மூளை பதில் சொல்லச் சுமார் 100 மில்லி விநாடி ஆகுமாம். என் இடது கண் 103. வலது கண் 141. அந்தக் காகிதத்தைக் காட்டிய பிறகுதான் வீட்டில் வாய் அடங்கியது.

பார்வை ஆறு வாரத்தில் திரும்பிவிட்டது. ஆனால் அடுத்த வருடமும் வலது கண் 128. பார்வை தெளிந்தாலும் இந்தத் தாமதம் நிற்கும் என்பதை லண்டனில் ஹாலிடே என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 1972-லேயே எழுதிவிட்டார்கள். உங்கள் டாக்டருக்குத் தபால் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

"ஸ்டீராய்டு என்றால் ஓடிவிடுங்கள்" என்று முன்பு எழுதியதும் இவர்தானே? பார்வை சீக்கிரம் திரும்பத்தான் ஊசி என்று டாக்டர் சொல்லியும், அதைப் படித்த என் கணவர் கையெழுத்துப் போட இரண்டு நாள் யோசித்தார். அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் கோலப்போட்டியைப் பாராட்டிய நான்கு வரி மட்டும் அச்சில் வந்தது. மிக்க நன்றி.

இந்த முறை நான் கேட்பது சின்ன பெட்டிச் செய்தி. வி.ஈ.பி. எடுக்கப் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போகவேண்டும். நான் தலை வழிய நல்லெண்ணெயோடு போய், ஒயர் ஒட்டாமல், பஸ் ஏறித் திரும்பி வந்தவள்.

அதற்கும் இடமில்லை என்றால், அந்தப் பெண்ணின் முகவரி உங்களிடம் இருக்குமே. நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவருக்கு ஒரு கார்டாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
திண்டுக்கல்