ஒட்டகத்தைப் பற்றி உனக்குச் சொன்னதில் ஒரு திருத்தம்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "போகப் போக அடாப்ட் ஆயிடுவேன்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அந்த ஒரு வார்த்தை ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அதே விஷயத்தை உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். படம் போட்ட புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காதும்மா, அதனால் ஒட்டகம் திமில் வளர்த்துக்கொண்டு அதில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது" என்றேன். நீயும் நம்பித் தலையாட்டினாய்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு இருக்கிறது. திமிலுக்குள் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. இது சின்னத் தப்பு, இதோ திருத்தியாகிவிட்டது. பெரிய தப்பு, நடுவில் நான் போட்ட அந்த "அதனால்".

ஒட்டகக் குடும்பம் முதலில் தோன்றியது வட அமெரிக்காவில். பல கோடி ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டு அப்புறம்தான் ஆசியாவுக்கு வந்தது. கனடாவின் வடகோடியில், துருவத்துக்குப் பக்கத்தில், எல்ஸ்மியர் என்று ஒரு தீவு. அங்கே கிடைத்த கால் எலும்புத் துண்டுகளில் மிச்சமிருந்த புரதத்தை இன்றைய விலங்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது ஒட்டகம்தான் என்று 2013-ல் அறிவித்தார்கள். சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, இன்றைய ஒட்டகத்தைவிடப் பெரியது. அது நடமாடிய இடம் மணல் இல்லை, ஊசியிலைக் காடு. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராத இடம். நீண்ட பனிக்காலத்தைத் தாண்ட உதவிய கொழுப்புத் திமிலும், பனியில் புதையாத அகலமான பாதமும்தான் பின்னால் மணலிலும் கைகொடுத்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். கோபி பாலைவனத்தின் இரட்டைத் திமில் ஒட்டகம் இன்றைக்கும் மைனஸ் 40 டிகிரி வரை தாங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்.

ஆகவே எந்த ஒட்டகமும் மணலைப் பார்த்து எதையும் வளர்த்துக்கொள்ளவில்லை. ஒரே கூட்டத்தில் பிறக்கிற குட்டிகளிலேயே கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அந்த இடத்துக்கு ஒத்துவந்த வித்தியாசம் யாருக்கு இருந்ததோ அவற்றுக்குப் பிள்ளைகள் அதிகம் மிஞ்சின, இப்படியே ஆயிரமாயிரம் தலைமுறை போனது. அதற்குப் பெயர் தகவமைப்பு (அடாப்டேஷன்). ஒரே உயிர் தன் ஆயுளுக்குள் செய்வது பழகிக்கொள்வது. நீ இப்போது செய்துகொண்டிருப்பது இரண்டாவது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி உன் தலையில் ஏற்றிவிட்டேனே என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நிலத்தைப் பல்லுயிர்த் தொகுதிகளாகப் பிரிப்பதைப் பள்ளியில் படித்திருப்பாய். மழைக்காடு, சவானா, பாலைவனம், புல்வெளி, இலையுதிர்காடு, தைகா, தூந்திரம் என்று வரிசையாக மனப்பாடம் செய்யவைப்பார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, பட்டியலைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிற நேரத்தில் காரணத்தைச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: அங்கே வெப்பம் எவ்வளவு, மழை எவ்வளவு? நிலநடுக்கோட்டில் சூடாகி மேலே போகிற காற்று மழையை அங்கேயே கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் 30 டிகிரி அட்சரேகைப் பக்கமாகக் கீழே இறங்குகிறது. உலக வரைபடத்தில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார், சஹாரா, அரேபியா, தெற்கே கலஹாரி, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி என்று வறண்ட நிலமாகவே விரலில் தட்டுப்படும். ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் 1802-ல் ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஏறியபோது, அடிவாரத்திலிருந்து மேலே போகப் போக, நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்துக்கு நடந்து போவதுபோல் செடிகொடிகள் மாறிக்கொண்டே வந்ததைக் கவனித்தார். மலை ஏறுவதும் வடக்கே போவதும் செடிக்குக் கிட்டத்தட்ட ஒரே பயணம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கள்ளி விஷயம். நம் மொழியில் சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி இரண்டுக்கும் "கள்ளி" என்றே பெயர். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இலை கிடையாது, பச்சைத் தண்டு, மேலே முள். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவே இல்லை. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களில் பிறந்த கேக்டஸ் குடும்பம். சதுரக்கள்ளியோ ஆமணக்கு, மரவள்ளியின் குடும்பம். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். சதுரக்கள்ளியின் விளிம்பில் முள் இரண்டிரண்டாக, ஜோடியாக இருக்கும், கீறினால் வெள்ளைப் பால் வழியும் (கண்ணில் பட்டால் ஆபத்து, தொடாதே). சப்பாத்திக்கள்ளியில் பஞ்சுப் பொட்டு மாதிரி ஒரு இடத்திலிருந்து முள் கொத்தாகக் கிளம்பும், அதன் அடியில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சன்ன முள் அடர்த்தியாக இருக்கும், கீறினால் பால் வராது, நிறமில்லாத கொழகொழப்புதான். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேறு வேறு தாத்தா பாட்டிக்குப் பிறந்த செடிகள், ஒரே வெயிலுக்கும் ஒரே வறட்சிக்கும் ஈடுகொடுத்து ஒரே உருவத்துக்கு வந்து நிற்கின்றன. இரண்டுமே தண்டில் இருக்கும், காற்று போய்வரும் சின்னத் துளைகளைப் பகலில் மூடிவிட்டு ராத்திரியில்தான் திறக்கும். ராத்திரி உள்ளே எடுத்த கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் வாயை மூடியபடியே ஒளிச்சேர்க்கை நடத்தும். பகலில் திறந்தால் தண்ணீர் போய்விடுமே!

சரி, நீ இருக்கும் குளிருக்கு வருகிறேன். சுற்றிலும் ஒரே மாதிரி மரமாக இருக்கிறது, சலிப்பாக இருக்கிறது என்றாய். அந்த ஊசியிலைக் காட்டுக்குத்தான் தைகா என்று பெயர். அது வட அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா என்று பூமியின் தலையைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி ஓடுகிறது, நிலத்தில் இருக்கும் தொகுதிகளிலேயே மிகப் பெரியது. அங்கே மரத்துக்குக் குளிர்காலம் என்றால் அது வறட்சிக் காலமும்தான். சுற்றிலும் பனி கொட்டிக் கிடந்தாலும் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது, காற்றோ இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாலைவனத்துச் செடியின் கஷ்டம்தான், உடை மட்டும் வேறு. அதனால்தான் இலை ஊசியாகச் சுருங்கி, மேலே மெழுகு பூசி, துளைகள் உள்ளே பதுங்கி இருக்கிற மரங்கள் அங்கே நிலைத்தன. ஊசியை உதிர்க்காமல் வைத்திருப்பதில் இன்னொரு லாபம், கோடை குட்டையாக இருக்கும் இடத்தில் புது இலை விடும் வரை காத்திருக்க வேண்டாம், வெயில் வந்ததும் வேலையை ஆரம்பிக்கலாம். ஆனால் சைபீரியாவின் மிகக் கொடிய குளிரில் நிற்கிற லார்ச் மரம் ஊசியிலை மரமாக இருந்தும் ஊசிகளை மொத்தமாக உதிர்த்துவிடுகிறது. ஒரே கேள்விக்கு ஒரே பதில்தான் என்று நினைத்துக்கொள்ளாதே.

வட அமெரிக்காவில் காட்டுத்தவளை (வுட் ஃப்ராக்) என்று ஒன்று, கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். குளிர் வந்ததும் சருகுக்கு அடியில் போய் உட்கார்ந்து அப்படியே உறைந்துபோகும். இதயம் நின்றுவிடும், மூச்சு நின்றுவிடும், உடம்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் ஐஸ் ஆகிவிடும், கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும். உறைய ஆரம்பித்ததும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை வாரி இறைக்கிறது, அது செல்லுக்குள் ஐஸ் பிடிக்காமல் காக்கிறது. வசந்தத்தில் உருகியதும் இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கி, தவளை குளத்துக்குக் கிளம்பிவிடும். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. மழைக்காட்டுத் தவளை ஒன்றைக் கொண்டுபோய் அங்கே விட்டால் எத்தனை நாள் கொடுத்தாலும் இந்த வித்தையைப் பழகிக்கொள்ளாது, முதல் உறைபனியிலேயே செத்துவிடும்.

மழைக்காட்டைப் பற்றி இப்போது நீட்டமாட்டேன், அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். புல்வெளியும் அப்படித்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன், புல் நுனியில் வளராது, அடியில் வளரும், அதனால்தான் மாடு மேய்ந்தாலும் தீ எரிந்தாலும் திரும்பத் தழைக்கிறது.

பனிமுயல் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வராது. கோடையில் பழுப்பு, குளிரில் வெள்ளை. எப்போது நிறம் மாற வேண்டும் என்பதை அது பனியைப் பார்த்து முடிவு செய்வதில்லை, பகல் நீளம் குறைவதும் கூடுவதும்தான் அதற்குக் கடிகாரம். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பகல் குறைந்தால் பனி வந்தது, கணக்கு சரியாக இருந்தது. இப்போது பூமி சூடாகி, பனி தாமதமாக விழுகிறது, சீக்கிரம் உருகுகிறது, பகலின் நீளமோ மாறவில்லை. பனியில்லாத பழுப்புத் தரையில் ஒரு வெள்ளை முயல், தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது. அது ஒரு தப்பும் செய்யவில்லை, இடம்தான் அதன் காலடியிலிருந்து நகர்ந்துவிட்டது. பனி குறைந்த பசிபிக் கடலோரப் பக்கத்தில் குளிரிலும் பழுப்பாகவே இருக்கும் பனிமுயல்கள் உண்டு, எப்போதோ வேறொரு முயல் இனத்தோடு கலந்ததில் அந்த மரபணு வந்தது என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழுப்பு மெல்ல மற்ற இடங்களுக்கும் பரவ வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தலைமுறைகள் வேண்டும். இப்போது வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் முயலுக்கு அது உதவாது.

நீ முயல் இல்லை, தவளையும் இல்லை. உன் உடம்பு வெப்ப நிலத்தில் உருவான மனித இனத்தின் உடம்பு, ஒரு குளிர்காலத்தில் அது மாறாது. நடுக்கம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் பழக்கம். மிச்சத்தைக் கம்பளியும் கையுறையும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், "அடாப்ட் ஆயிடுவேன்" என்று தலையைத் திறந்துபோட்டுக்கொண்டு வெளியே நடக்காதே.

அப்புறம் ஒரு வேலை. நீ போகிற வழியில் நிற்கிற மரத்திலிருந்து ஒரு ஊசியைப் பறித்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார். நாலு பட்டையாகச் சுலபமாக உருண்டால் அது ஸ்ப்ரூஸ். தட்டையாக, உருளாமல் இருந்தால் அநேகமாக ஃபிர். இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாகக் கையோடு வந்தால் பைன். எல்லாம் ஒரே மாதிரி மரம் என்றாயே, உருட்டிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எது என்று சொல். கையுறையைக் கழற்றினால் உடனே திரும்பப் போட்டுக்கொள்.

அப்பா