ஆறு 14 தடவை விழுந்தால் தப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பி விற்கிற கடை வைத்திருக்கிறேன், வீடு தங்கச்சிமடம். மகள் ஒன்பதாம் வகுப்பு. பட்டறி நிகழ்தகவு (செய்து பார்த்து எண்ணிச் சொல்கிற வாய்ப்புக் கணக்கு) பாடத்துக்காகப் பகடையை 60 தடவை உருட்டி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். பரமபதப் பகடையை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி அவள் தரையில் கவிழ்க்க, நான் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தரம் பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது, அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை (சேர்க்கவில்லை). கடைசியில் ஒன்று 7, இரண்டு 11, மூன்று 9, நான்கு 8, ஐந்து 11, ஆறு 14.

மறுநாள் நோட்டில் சிவப்பு மைச் சுழி. ஆறில் ஒரு பங்குதானே வர வேண்டும், எல்லாவற்றுக்கும் 10 என்று திருத்தி எழுது என்றார்களாம். மற்ற பிள்ளைகள் பாதிப் பேர் பகடையைத் தொடாமலே பத்து பத்தாக எழுதி 'சரி' வாங்கிவிட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம். 60 தடவை உருட்டினால் ஒவ்வொரு முகமும் சொல்லிவைத்தாற்போல் பத்துப் பத்து தடவை விழ வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 13,000-த்தில் ஒன்று. அவ்வளவு அபூர்வமானதை அரை வகுப்பு ஒரே ராத்திரியில் கண்டிருக்கிறது! ஆறு 14 தடவை வருவதெல்லாம் சர்வசாதாரணம். சந்தேகம் இருந்தால் 40 பிள்ளைகளின் கணக்கையும் கரும்பலகையில் கூட்டுங்கள், 2,400 உருட்டலில் ஒவ்வொரு முகத்தின் பங்கும் தானாக 0.167-ஐ, அதாவது ஆறில் ஒன்றை, ஒட்டி வந்துவிடும். அதுதானே பாடம்?

அப்புறம், பகடை நியாயமானதுதான் என்று யார் சொன்னது? இங்கிலாந்தில் வெல்டன் என்ற விஞ்ஞானி 1894-இல் 12 பகடைகளை 26,306 தடவை உருட்டிய கணக்கை எழுதிவைத்தார். மொத்தம் 3,15,672 பகடை விழுந்ததில், நியாயமான பகடை என்றால் ஐந்தோ ஆறோ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 தடவை விழ வேண்டும், விழுந்தது 1,06,602. புள்ளிக்குக் குழி தோண்டியதில் அந்த முகங்கள் லேசாகி மேலே வந்திருக்கும் என்கிறார்கள். அவரும் பங்கு போட்டு எழுதியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

பகடைக்காவது விடை ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும், சோழிக்கு? மல்லாந்து விழுமா கவிழ்ந்து விழுமா என்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை, வீசித்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நானும் மகளும் ஒரே சோழியை வீசினோம். முதல் 20 வீச்சில் 11 தடவை வாய் மேலே இருந்தது, பாதிக்குப் பாதி போலிருக்கிறது என்று நினைத்தேன். 400 ஆகும்போது 151-தான், அதாவது 0.38 பக்கம். வேறு சோழியை எடுத்தால் இது மாறும். மகள் அதையும் நோட்டில் எழுதியிருக்கிறாள், சுழி விழுந்தாலும் பரவாயில்லை என்று.

கல்வித்துறை செய்ய வேண்டியது ஒன்றுதான்: விழுந்ததை விழுந்தபடி எழுதின பிள்ளைக்கு மார்க் போடச் சொல்லுங்கள். சோழி வேண்டுமென்றால் என் கடையில் நிறம் மங்கியது, ஓட்டை விழுந்தது என்று அரை மூட்டை கிடக்கிறது, இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் சும்மாவே அள்ளிக்கொண்டு போகலாம். ஓட்டைச் சோழி வேறு கணக்குச் சொல்லும், அதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஒரு தகப்பன்,
தங்கச்சிமடம்.