டையில் பொறித்த எண் குண்டின் அளவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இலக்குச் சுடுவோர் வீட்டிலேயே ஈயக் குண்டு வார்த்துக்கொள்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் சைசிங் டை, அதாவது வார்த்த குண்டைத் தன் துளை வழியே தள்ளி ஒரே விட்டத்துக்கு அமுக்கும் கருவி, பற்றிய பத்தி சரியில்லை. டையில் பொறித்திருக்கும் எண்தான் வெளியே வரும் குண்டின் விட்டம் என்கிறது. சந்தேகம் இருந்தால் வெர்னியர் அளவியின் உள்தாடையை டையின் துளைக்குள் விட்டுப் பார்க்கலாம் என்கிறது. இந்த இரண்டையும் நம்பினால் நல்ல டையைத்தான் தூக்கி எறிய வேண்டிவரும்.

இங்கே பேசுவது எவ்வளவு சிறிய அளவு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். .38 ஸ்பெஷல் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் செம்பு உறையிட்ட குண்டு 0.357 அங்குலம், வார்த்த ஈயக் குண்டு வழக்கமாக 0.358. .45 ஏசிபி தோட்டாவுக்கு 0.451, வார்த்தது 0.452. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு அங்குலம், அதாவது 0.0254 மி.மீ. குண்டு குழலை நிரப்பாமல் சிறுத்துப்போனால் சூடான வாயு அதன் பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரிக்கும். அந்த ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். பெருத்துப்போனால் தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் போகாது.

இதை அளக்க வெர்னியர் எடுப்பது வீண்வேலை. உள்தாடையின் முனை கத்திபோல் தெரிந்தாலும் அதில் ஒரு தட்டை உண்டு. வளைந்த துளைச் சுவரில் தட்டையின் இரு ஓரங்கள்தான் படும், நடுப்பகுதி படாது. தட்டை அரை மில்லிமீட்டர் அகலம் என்றால், 9 மி.மீ. துளையை அது 0.014 மி.மீ. குறைத்துக் காட்டும். தேடுகிற வித்தியாசத்தில் பாதிக்கும் மேல் அங்கேயே போய்விட்டது. பிறகு வெர்னியருக்கே உரிய பிழை, கை அழுத்தம் என்று வரிசையாக இருக்கிறது. "டை சின்னதாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் டைக்கு முன்னால் சோதிக்க வேண்டியது அளந்த கருவியைத்தான்.

துளையை நேராக அளப்பதென்றால் பின் கேஜ், அதாவது விட்டம் துல்லியமாகத் தெரிந்த உருளைக் குச்சிகள். இங்கே அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் இசட்இசட் வகுப்புப் பின்களின் விலகல் 0.0002 அங்குலத்துக்குள். மைனஸ் வகைப் பின் என்றால் அந்த விலகல் முழுவதும் குறைவான பக்கத்தில் இருக்கும். டையை நன்றாகத் துடைத்துவிட்டு, 0.357 பின் தன் எடையிலேயே இறங்குகிறதா, 0.358 வாயிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் துளை இந்த இரண்டுக்கும் நடுவில். பின்னை அழுத்தித் திணிக்கக் கூடாது. சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. வாய்ப்பக்கம் குண்டு நுழைய வசதியாகச் சரிவு கொடுத்திருப்பார்கள், அங்கே அளந்து பயனில்லை.

பின் செட் இல்லாதவர்கள் தூய ஈயத்தைப் பயன்படுத்தலாம். பலருக்கு இதுவே போதும். நகம் கீறினால் தடம் விழும் மென்மையான ஈயமாக இருக்க வேண்டும். டையைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு பெரிய துண்டை எடுத்து, மெல்ல எண்ணெய் தடவி, ஒரே மூச்சில் நேராகத் தள்ளுங்கள். தூய ஈயம் அநேகமாக விரிந்து திரும்பாது. டை அமுக்கிய அளவிலேயே நிற்கும். அதை அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்கும் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். அதற்கு முன் மைக்ரோமீட்டரின் சைபரைப் பாருங்கள், முடிந்தால் கேஜ் பிளாக் என்ற அளவு உறுதியான கட்டையிலும் ஒத்துப்பாருங்கள். அழுத்தம் மீறாமல் நழுவிவிடும் ராட்செட் திருகிலேயே மூடுங்கள். விரலால் இறுக்கினால் ஈயம் நசுங்கும். ஒன்று நினைவிருக்கட்டும். முழுவதும் தள்ளி எடுத்த துண்டு டையின் மிகக் குறுகிய இடத்தைத்தான் சொல்லும். டை நீளவாக்கில் சரிந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது.

துண்டைச் சுழற்றிச் சுழற்றி அளந்து எல்லாத் திசையிலும் ஒரே எண் வந்தால் துளை வட்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். துளையைச் சீவி அளவாக்கும் ரீமர் அதிர்ந்து ஓடிய துளை மூன்று முகமாகப் போவதுண்டு. ஒரு முகட்டுக்கு எதிரே பள்ளம் வருவதால், இரண்டு புள்ளியில் பிடிக்கும் மைக்ரோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. துண்டை V வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜின் கீழே சுழற்றினால் முள் ஆடும். உள்ளே ஐந்து சுருள் பள்ளம் உள்ள துப்பாக்கிக் குழலில் தள்ளி எடுத்த ஈயத்தைச் சாதாரண மைக்ரோமீட்டரில் அளக்க முடியாததும் இதே காரணத்தால்தான்.

டை 0.358 என்று உறுதியான பிறகும் குண்டு 0.3585 வரலாம். இது டையின் குறையல்ல. ஆன்டிமனி கலந்த ஈயம் அமுங்கிய பின் சற்றே விரிகிறது. 90 பங்கு ஈயம், 5 தகரம், 5 ஆன்டிமனி சேர்ந்த லைமன் 2-ஆம் எண் கலவை பிரினெல் கடின அளவில் சுமார் 15, தூய ஈயம் 5, அச்செழுத்து உலோகமான லைனோடைப் 22. கடினம் ஏற ஏற விரிவும் ஏறும். வார்த்து சில வாரம் கிடந்த குண்டு கடினப்பட்டிருக்கும், அது அன்றே டையில் போட்டதைப் போல வராது. ஆகவே டையோடு எழுதி வைக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் கலவையின் பெயரும் இருக்க வேண்டும். கையில் சூடு தெரியும் குண்டையும் அளக்காதீர்கள். 40 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தில் 9 மி.மீ. ஈயம் 0.01 மி.மீ. பருத்திருக்கும். மசகும் பவுடர் பூச்சும் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

ஒரு பக்கம் மட்டும் அமுங்கி வருகிறது என்று டையைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு சோதனை. குண்டின் பக்கம் முழுக்க மார்க்கர் மை பூசித் தள்ளுங்கள். மை அழியாமல் நிற்கும் இடத்தில் டை தொடவே இல்லை. அச்சின் இணைப்புக் கோட்டையொட்டி மட்டும் அழிந்தால் வார்ப்பு அச்சு சரியாகப் பொருந்தி மூடாமல் இருந்திருக்கலாம். ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து எதிர்ப்பக்கம் மை அப்படியே இருந்தால், மசகிட்டு அமுக்கும் பிரஸ்ஸில் மேல் பஞ்ச் என்ற அழுத்துதண்டு குண்டின் மூக்குக்குப் பொருந்தாமல் சாய்த்திருக்கலாம். இவற்றில் எதற்கும் புது டை மருந்தாகாது.

டை உண்மையிலேயே சிறிதாக இருந்தால் பெரிதாக்கலாம். பெரிதாக இருந்தால் திருப்பி அனுப்புவதுதான் வழி. பிளந்த கம்பியில் 400, பிறகு 600 எண் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் விட்டு, லேத்தில் மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு சில வினாடிக்கும் நிறுத்தித் துடைத்து ஈயத் துண்டு தள்ளிப் பார்க்க வேண்டும். வேண்டிய அளவுக்குச் சற்று முன்பே நின்றுவிடுங்கள், மெருகேற்றும்போது மீதி தானாகப் போகும். துளையில் தூள் தங்கினால் அடுத்து வரும் குண்டு ஒவ்வொன்றிலும் கீறல் விழும்.

கட்டுரை விட்ட இன்னொன்று: இங்கே அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வார்க்க மத்திய உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிப்புக்கே உரிமம் வேண்டும். கட்டுரையைப் படித்துவிட்டு அடுப்பை மூட்டுகிற ஆர்வலர்களுக்காக அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
அளவீட்டுப் பிரிவுப் பணியாளர்,
ஒஹையோ, அமெரிக்கா