அப்பாவை எழுந்து நிற்க வைத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

ஆரணிப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். 2023 டிசம்பரில் அவருக்கு டிபி, அதாவது காசநோய், என்று தெரிந்தது. 2024 ஜூனில் மருந்து முடிந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்த சளிப் பரிசோதனைகளிலும் கிருமி இல்லை. நேரில் பார்த்து நன்றி சொல்லலாம் என்றால் உங்களில் பாதிப்பேர் வேறு ஊருக்கு மாறிவிட்டீர்கள். வீடு தேடி வந்து அப்பாவின் மருந்தைக் கவனித்த டிபி மேடம், உங்கள் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கிறார். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படித்தால் நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் எங்கள் கிராம சுகாதார செவிலியருக்கு. நீங்கள் அன்று அப்பாவைப் பார்க்க வரவில்லை. அண்ணன் குழந்தைக்குத் தடுப்பூசி தேதி சொல்ல வந்தீர்கள். உள்ளே இருமல் சத்தம் கேட்டு, "எத்தனை நாளா இருமறாரு?" என்று கேட்டீர்கள். இரண்டு மாதமாக ஒரு தனியார் கிளினிக்கில் இருமல் மருந்து மட்டும் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அங்கே சளியைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளியைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி, டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனீர்கள்.

லேப் டெக்னீசியன் அண்ணா, எச்சில் வேண்டாம், ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சுச் சளியை எடுங்கள் என்று மூன்று தடவை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். அப்பாவிடம் அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

அப்புறம் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ். எடை போட்டீர்கள்: 38 கிலோ. காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தீர்கள், மூச்சை எண்ணினீர்கள், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்த்தீர்கள். கடைசியாக, "எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்கய்யா" என்றீர்கள். நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிய மனிதரால் பெஞ்சை விட்டு எழ முடியவில்லை. மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நாங்களும் சரி என்று போயிருப்போம். நீங்கள் 108-க்குச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா என்று போனில் கேட்டு, அன்றே அனுப்பினீர்கள்.

அதெல்லாம் நீங்களாக நினைத்துச் செய்தது என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அது 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. டிபியில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே போய்விடுகிறார்களாம். அதனால் நோயைக் கண்டுபிடித்தவுடனே, பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், செவிலியரே பார்த்துவிடக்கூடிய சில அறிகுறிகளை வைத்து யாரை உடனே சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து செய்தது. அந்தக் கேள்விகளை உட்கார்ந்து யோசித்தவர்களை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கும் நன்றி.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் அப்பாவைப் பதினொரு நாள் பார்த்துக்கொண்டவர்களே, உங்களுக்கும். அம்மா பாசத்தில் ஒரு தூக்குச் சட்டி நிறையச் சோறும் குழம்பும் கொண்டுவந்தபோது, பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் நிறையக் கொடுத்தால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று தடுத்தீர்கள். அம்மாவுக்கு அன்று கோபம். இன்று ஊரில் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததெல்லாம் டிபி மேடம், உங்களால். சிறுநீர் சிவப்பாகப் போனதும் அப்பா பயந்து மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். "அது மாத்திரையோட நிறம்தான்யா" என்று வந்து சொன்னது நீங்கள். அண்ணன் குழந்தைக்கு நோய் வராமல் இருக்க ஆறு மாதம் மாத்திரை கொடுத்தீர்கள். சத்துணவுக்கான மாதம் 500 ரூபாய் அப்பா கணக்கில் ஏறாதபோது வங்கிப் புத்தகத்தை வாங்கிப்போய்ச் சரிசெய்தீர்கள்.

2024 மார்ச் மறக்க முடியாதது. நாடு முழுக்கவே டிபி மாத்திரைக்குத் தட்டுப்பாடு. அப்பா அப்போதுதான் இரண்டாம் கட்ட மருந்துக்கு மாறியிருந்தார். நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறலாம் என்பதால் எங்களுக்குத் தூக்கமே இல்லை. மருந்தாளுநர் ஐயா, மாதத்துக்குக் கொடுப்பதை வாரம் வாரமாகப் பிரித்து, பக்கத்து நிலையத்தில் கேட்டு வாங்கி, ஒரு நாள்கூட விடாமல் ஓட்டினீர்கள். நல்ல திட்டம் இருந்தாலும் மாத்திரை வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த மாதம்தான் கண்ணால் பார்த்தேன்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. ஒரு காலத்தில் டிபி என்றால் வீட்டை விட்டு சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான், ஏழைகள் நெரிசலான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் குணமாகும், அதனால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவுவதில்லை என்று அடுத்த சில ஆண்டுகளில் உலகத்துக்குக் காட்டியது. அந்த ஆய்வுக்கு ஒப்புக்கொண்டு, ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்ட சென்னைக் குடிசைவாசிகளே, எங்கள் அப்பா திண்ணையில் படுத்தபடியே குணமானது உங்களால்.

அரசில் இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று. டிபி மேடம் ஒப்பந்தப் பணியில் இருந்தவர். பெட்ரோல் போட்டு வீடு வீடாகப் போனவர். அவரைப் போன்றவர்களை நிரந்தரமாக்குங்கள். அப்பாவின் கிருமியை அறிந்ததுபோலவே அவருடைய பிடிவாதத்தையும் அறிந்த ஒருவர் நடுவில் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அப்பா இப்போது 54 கிலோ. ஆலை முதலாளி மூட்டை வேலையிலிருந்து எடைபோடும் வேலைக்கு மாற்றியிருக்கிறார், அவருக்கும் நன்றி. மேடம், ஆறு மாதமும் எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும்தான் குடித்தீர்கள். சாப்பிடச் சொன்னால் "மருந்து முடியட்டும்" என்பீர்கள். மருந்து முடிந்துவிட்டது. அம்மா கேட்கச் சொன்னார், எந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள்?