பூஸ்டருக்குத் தடை சரி, மாற்று வழி எங்கே? தொலைத்தொடர்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகளுக்கும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அமைப்பினருக்கும்,

வணக்கம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் சண்டை என்று கூட்டத்தில் பேச எவ்வளவோ உண்டு. ஆனாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்பது ‘வீட்டுக்குள்ள டவரே கிடைக்கல’ என்பதில்தான். உடனே யாராவது ஒருவர், ‘ஆன்லைன்ல பூஸ்டர் விக்கிறான், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒண்ணு வாங்கி மாடியில மாட்டிடலாம்’ என்பார். அது சட்டப்படி குற்றம் என்று நான் சொல்வேன். ‘அப்ப எதுதான் சட்டப்படி சரி?’ என்று திருப்பிக் கேட்பார். அதற்கு நான் சொல்லக்கூடிய பதில் எதையும் உங்கள் விதிகளில் காணோம். அதனால் கேள்வியை உங்களிடமே அனுப்புகிறேன்.

உங்கள் நிலைப்பாட்டில் குழப்பம் எதுவும் இல்லை. உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் மொபைல் சிக்னல் பூஸ்டரை வைத்திருப்பதோ விற்பதோ பயன்படுத்துவதோ சட்டவிரோதம் என்று 2022 ஜூலையில் வெளியிட்ட அறிவுரையில் தெளிவாகவே சொல்லிவிட்டீர்கள். அந்தத் தடையை எடுத்துவிடுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. தடைக்கு நியாயமான காரணம் இருக்கிறது. எங்கள் சங்கத்து நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூஸ்டர் புதிதாக சிக்னல் எதையும் உண்டாக்குவதில்லை. மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, நடுவில் ஒரு பெருக்கி, வீட்டுக்குள் இன்னொரு ஆன்டெனா, அவ்வளவுதான். மாடியில் கிடைப்பதை வாங்கி, பெருக்கி, உள்ளே விடும். மாடியிலேயே டவர் இல்லை என்றால் பூஸ்டராலும் பயனில்லை. டவரிலிருந்து போனுக்கு வருவதை மட்டுமல்ல, போனிலிருந்து டவருக்குப் போவதையும் அது பெருக்குகிறது. சிக்கல் அங்கேதான். மலிவான பெட்டிகளுக்கு எவ்வளவு பெருக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. வீட்டில் யாரும் பேசாத நேரத்திலும் டவரை நோக்கி இரைச்சலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் தொலைவிலிருந்து வரும் பலவீனமான போன்களின் குரல் டவருக்குக் கேட்காமல் போய்விடும். இரண்டு ஆன்டெனாக்களையும் போதிய இடைவெளி விடாமல் பொருத்தினால் இன்னும் மோசம். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் காதைக் கிழிக்குமே, அதே கதை ரேடியோ அலையில் நடக்கும். பூஸ்டர் வைத்தவர் வீட்டில் நான்கு கோடு தெரியும். பக்கத்துத் தெருவில் கால் கட்டாகும், அங்கே இருப்பவருக்குக் காரணமே தெரியாது. மேலும் பல பெட்டிகள் ஒரு நிறுவனத்தின் அலைவரிசையோடு நிற்காமல் எல்லாருடையதையும் சேர்த்துப் பெருக்கிவிடுகின்றன. இதை நீங்கள் தேடிப் பிடித்துக் கழற்றுவதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் மனிதர்கள் ஏன் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்குகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

முன்பெல்லாம் கான்கிரீட் தூண் நிறுத்தி இடையில் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினோம். இன்றைய உயரமான கட்டடங்கள் பலவற்றில் மிவன் முறை வந்துவிட்டது. அலுமினிய அச்சுக்குள் கம்பி வலையை வைத்து, சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், சுவரும் நேராக இருக்கும், சிக்னலுக்குத்தான் வழி அடைபடும். வெயிலைத் தடுக்க ஜன்னலில் போடும் உலோகப் பூச்சுக் கண்ணாடி வெயிலோடு சேர்த்து அலைகளையும் திருப்பி அனுப்புகிறது. அலுவலகக் கட்டடங்களில் இது இன்னும் அதிகம். சிக்னலை அளக்கும் கணக்கில் ஒவ்வொரு 10 டெசிபெல் குறையும்போதும் வலு பத்தில் ஒரு பங்காகிவிடும். மாடியில் மைனஸ் 80 டிபிஎம் (சிக்னல் வலுவைக் குறிக்கும் அளவு) காட்டும் போன் உள்ளறையில் மைனஸ் 110 காட்டினால், வந்து சேர்வது ஆயிரத்தில் ஒரு பங்கு. கட்டடங்கள் இப்படிக் கனமாகிக்கொண்டிருக்க, நிறுவனங்கள் 5ஜிக்காக 3300 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்குப் போயிருக்கின்றன. பழைய 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு நுழையும் சுவரில் இந்த உயர் அலைவரிசை திணறும்.

வீட்டுக்குள் டவர் இல்லை என்றால் என்ன பெரிய கஷ்டம், பால்கனிக்குப் போய்ப் பேசினால் ஆகாதா என்று கேட்கலாம். பேசுவதை எப்படியோ சமாளித்துவிடுகிறோம். ஓடிபியைத்தான் சமாளிக்க முடியவில்லை. சிலிண்டர் கொண்டுவரும் தம்பி எண்ணைக் கேட்டு வாசலில் நிற்கிறார், குறுஞ்செய்தி வரவில்லை. வங்கிப் பரிமாற்றம் பாதியில் நிற்கிறது. தனியாக இருக்கும் பெரியவர்களின் போன் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்கிறது, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை பதறிப்போய் வாட்ச்மேனைக் கூப்பிடுகிறார். இரவில் 108ஐ அழைக்க வேண்டியவர் பால்கனி வரை நடக்கும் நிலையில் இல்லாமல் இருந்தால்? ஆதார், ஓய்வூதியம், ரேஷன் என எல்லாவற்றையும் போனோடு கட்டிவைத்தது அரசு. எனவே போன் வீட்டுக்குள் வேலை செய்வது வசதி என்ற நிலை எப்போதோ மாறிவிட்டது.

வைஃபை காலிங் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் அதைத் தொடங்கியபோது எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, போனும் அதற்கு ஏற்றதாக இருந்தால், செட்டிங்ஸில் அதை இயக்கிவிட்டு நிம்மதியாகப் பேசலாம். இன்னும் பலருக்கு இது தெரியாது, நிறுவனங்கள் சொல்லித் தரலாம். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு இது உதவாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும், கீழ்த்தளத்தில் இருக்கும் செக்யூரிட்டிக்கும், மாதாமாதம் பிராட்பேண்டுக்குத் தனியாகப் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் உதவாது. கரண்ட் போனால் ரவுட்டரும் படுத்துவிடும். புயல் மழைக் காலத்தில் சென்னையில் எது முதலில் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நிறுவனத்திடமே புகார் செய்தால் என்ன ஆகிறது? போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். சிம்மைக் கழற்றி மாட்டச் சொல்வார்கள். அப்புறம் ‘உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக உள்ளது’ என்ற குறுஞ்செய்தியோடு புகார் முடிக்கப்படும் (அந்தச் செய்தியைப் படிக்கவும் பால்கனிக்குத்தான் போக வேண்டும்). பகுதி என்று அவர்கள் சொல்வது தெரு. 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் உங்கள் தர விதிமுறைகளின்படி, எங்கே எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். நல்ல விதி. ஆனால் அதில் எங்கள் தெரு முழுக்க நிறம் பூசியிருக்கிறது. எட்டாவது மாடியின் உள்ளறை எந்த நிறம் என்று பார்க்க வழியில்லை. ட்ராய் நடத்தும் சோதனைகளும் பெரும்பாலும் சாலையில் காரில் போய் அளப்பவை. சில பொது இடங்களில் நின்றும் நடந்தும் அளக்கிறீர்கள். குடியிருக்கும் வீட்டுக்குள் யாரும் வந்து அளப்பதில்லை. தனிநபர் புகார்களை ட்ராய் கையாளாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆக, நிறுவனம் ‘நன்றாக உள்ளது’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

நிறுவனம் மனது வைத்தால் சட்டப்படியே ரிப்பீட்டர் (பூஸ்டருக்கு இன்னொரு பெயர்) பொருத்தலாம், சிறிய செல் என்னும் குட்டி டவரை வைக்கலாம், கட்டடம் முழுக்க ஆன்டெனா வலை அமைத்துத் தரலாம். மால்களிலும் ஐடி வளாகங்களிலும் விமான நிலையத்திலும் செய்திருக்கிறார்கள். சில நூறு வீடுகள் உள்ள குடியிருப்பு கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைத் தாண்டுவதில்லை. மனது வைக்காவிட்டால் கேட்க ஒரு விதியும் இல்லை. கையில் உரிமம் வைத்திருப்பவர் செய்து தர மாட்டார், உரிமம் இல்லாதவர் செய்துகொள்ளக் கூடாது. தெருவுக்குத் தெரு திருட்டு பூஸ்டர் வருவது இந்த இடைவெளியில்தான். நீங்கள் ஒன்றைக் கழற்றினால் வேறொரு மாடியில் இன்னொன்று முளைக்கும்.

இதே பிரச்சினை மற்ற நாடுகளுக்கும் வந்தது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2013இல் வீட்டு பூஸ்டர்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 2014 மார்ச்சிலிருந்து அங்கே விற்கப்படும் ஒவ்வொரு வீட்டு பூஸ்டரும் டவரைப் பாதுகாக்கும் தொழில்நுட்பத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். இரைச்சல் வரம்பு மீறினால் தானே குறைத்துக்கொள்ள வேண்டும், அலை சுற்றிக்கொண்டு ஊளையிடத் தொடங்கினால் தானே நின்றுவிட வேண்டும். வாங்கியவர் தன் நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும், நிறுவனம் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டும். பிரிட்டனில் அதே பொறுப்பில் உள்ள ஆஃப்காம் 2018இல், குறிப்பிட்ட தரத்துக்கு உட்பட்ட வீட்டு ரிப்பீட்டர்களுக்கு உரிமம் தேவையில்லை என்றது. தரமில்லாத பூஸ்டர் இன்றும் அங்கே குற்றம்தான். அந்த விதிகளை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் நம் ஊரில் இருக்கும் போன்களின் நெரிசலே வேறு. இங்கே வரம்பை இன்னும் கடுமையாக வையுங்கள். முதலில் ஒரே நிறுவனத்தின் அலைவரிசையை மட்டும் பெருக்கும் கருவிகளுக்கு அனுமதி கொடுங்கள். தனி வீட்டுக்கு வேண்டாம், பதிவு செய்த சங்கங்களுக்கு மட்டும் என்றாலும் சரி, நிறுவனத்தின் ஆள் வந்துதான் பொருத்த வேண்டும் என்றாலும் சரி. எங்களுக்கு எதிலும் மறுப்பில்லை.

சட்டம் இடம் தராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1885 தந்திச் சட்டத்துக்கும் 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாகக் கொண்டுவரப்பட்ட 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, அனுமதி பெற வேண்டும் என்று சொல்லும் கையோடு, பொதுநலன் கருதி விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் மத்திய அரசுக்குத் தருகிறது. இப்படி ஒரு விலக்கு நமக்குப் புதிதும் அல்ல. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு 2005இல் நீங்கள்தான் சக்தி வரம்பு விதித்து உரிமத்திலிருந்து விலக்கு கொடுத்தீர்கள். இன்று வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கிறது. வைஃபை யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத வரிசை, மொபைல் அலைவரிசையோ நிறுவனங்கள் கோடிகள் கொட்டி ஏலத்தில் எடுத்தது என்ற வேறுபாடு எனக்குப் புரிகிறது. அதனால்தான் நிறுவனத்தின் சம்மதத்தோடு என்கிறேன். ஆனால் அந்தச் சம்மதத்தைத் தராமலே காலம் கடத்த அவர்களை விட்டுவிடக் கூடாது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று எழுத்தில் புகார் வந்தால், குறித்த நாட்களுக்குள் ஆள் வந்து உள்ளே அளக்க வேண்டும். அளவு வரம்புக்குக் கீழே இருந்தால் ஒன்று அவர்கள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் தரச்சான்று பெற்ற கருவியை நாங்களே வைத்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

கட்டடங்களின் இணைப்புத் தரத்துக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையை ட்ராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. வரவேற்கிறேன். ஆனால் அது விருப்பப்பட்டவர் விண்ணப்பிக்கும் ஏற்பாடு. நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் விளம்பரத்தில் போடும் பில்டர், தன் சுவர் சிக்னலைத் தின்கிறது என்று தானாக வந்து சொல்வாரா? தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோதுதான் குழாய் பதிக்காத கட்டடங்களும் பதித்தன. புதிய உயரக் கட்டடங்களுக்காவது இந்த மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும்படி மாநில அரசுகளிடம் பேசுங்கள். ஒரே நிறுவனத்தோடு பில்டர் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மற்றவர்களை உள்ளே விடாமல் இருப்பதைத் தடுக்க வேண்டும் என்று ட்ராய் 2017லேயே பரிந்துரைத்ததையும் நினைவூட்டுகிறேன்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. டவர் வேண்டும், ஆனால் என் மாடியில் வேண்டாம் என்பவர்கள் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள். டவர் கதிர்வீச்சுக்கான பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் 2012 செப்டம்பரிலிருந்து இந்தியா டவர்களுக்கு அனுமதிக்கிறது என்று சொன்னாலும் பயம் போவதில்லை. டவர் தொலைவில் இருக்கும்போது அதை எட்டுவதற்காகக் கையிலுள்ள போன் தன் சக்தியை ஏற்றிக்கொள்கிறது, காதருகே சூடாவதும் பேட்டரி தீர்வதும் அதனால்தான் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் சென்னை அலுவலகத்திலிருந்து ஒருவர் அளவுக் கருவியோடு வந்து குடியிருப்பவர்கள் முன்னால் அளந்து காட்டினால், துண்டுப் பிரசுரங்களால் ஆகாதது ஆகும்.

தொலைத்தொடர்புத் துறை ட்ராயிடம் பரிந்துரை கேட்டு ஒரு கடிதம் அனுப்பினால் போதும், கலந்தாய்வுத் தாள் வெளிவரும், நிறுவனங்களும் பொதுமக்களும் கருத்துச் சொல்வார்கள். தரச்சான்று பெற்ற வீட்டு ரிப்பீட்டர், வீட்டுக்குள் வந்து அளக்கும் கடமை ஆகிய இரண்டையும் வைத்து அந்தக் கடிதத்தை அனுப்புங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. தாள் வெளியானால் எங்கள் சங்கத்தின் கருத்தை எழுத்தில் அனுப்புவோம். சோதனைக்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டால் எங்களுடையதையே எடுத்துக்கொள்ளலாம். மொட்டை மாடிச் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும்.

இப்படிக்கு,
அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர்,
சென்னை